புயலும் கரையானும்

2015 டிசம்பர் முதல் தேதி காலை தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டது. அடையாறு இரு கரைகளையும் மீறி ஊருக்குள் புகுந்தது. விமான நிலையம் மூடப்பட்டது. ராணுவம் வந்தது. மீனவர்களின் படகுகள் தெருக்களில் ஓடின. நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்த அந்த மழைக்காலத்தைச் சென்னைவாசிகள் எவரும் மறக்கவில்லை.

மூன்றரை ஆண்டுகள் சென்றன. 2019 ஜூன் மாதம் அதே சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளிலும் சேர்த்து எஞ்சியிருந்த நீர், அவற்றின் மொத்தக் கொள்ளளவில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாநகரத்துக்கு இயல்பான காலத்தில் நாள்தோறும் வழங்கப்பட்டு வந்ததோ 80 கோடி லிட்டருக்கு மேல்.

முதலாவதைப் பேரிடர் என்று சொல்ல எவரும் தயங்கவில்லை. இரண்டாவதைத் 'தட்டுப்பாடு' என்றே அழைத்தோம். ஆனால் இரண்டையும் உண்டாக்கிய காரணங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். மழை நீரைப் பிடித்துவைத்து, மெல்லக் கசியவிட்டு, நிலத்தடிக்கு அனுப்ப வேண்டிய ஏரிகளும் தாங்கல்களும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் பல பத்தாண்டுகளாகச் சுருங்கிக்கொண்டே வந்தன. நீர் தங்க இடமில்லாதபோது மழை வந்தால் வெள்ளம். மழை பொய்த்தால் வறட்சி. திடீரென்று வந்ததாக நாம் நினைத்த இரு துயரங்களுக்குப் பின்னால், எந்த நாளிலும் தலைப்புச் செய்தியாகாத ஒரு தேய்மானம் இருந்தது.

இடர்களை ஆராய்வோர் அவற்றை இரு வகையாகப் பிரிப்பர். புயல், நிலநடுக்கம், சுனாமி, பெருவெள்ளம், தொழிற்சாலை விபத்து போன்றவை திடீர் இடர்கள். அவற்றுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. நிலத்தடி நீர் வற்றுதல், காற்று மாசு, கடலரிப்பு, ஊட்டச்சத்துக் குறைபாடு, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் செயலிழந்து வருதல், ஆண்டுக்கு ஆண்டு கூடும் கோடை வெப்பம் போன்றவை நாள்பட்ட இடர்கள். அவற்றுக்குத் தொடங்கிய நாள் என்று எதையும் சுட்ட முடியாது. மருத்துவர்கள் மாரடைப்பையும் நீரிழிவையும் வேறுபடுத்துவது போன்றது இது. நீரிழிவு நோயாளிக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்பதையும் மருத்துவர்கள் அறிவார்கள். நாட்டின் இடர்களைக் கணக்கிடுவோர் இந்த இரண்டாவது உண்மையைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

பொருளியல் மாணவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. பஞ்சத்தையும் பசியையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்று கற்பித்தவர் அமர்த்தியா சென். விடுதலைக்குப் பின் இந்தியாவில் 1943 வங்கப் பஞ்சத்தைப் போன்ற ஒரு பெரும் பஞ்சம் நேரவில்லை. தேர்தலும் எதிர்க்கட்சியும் சுதந்திரமான நாளிதழ்களும் உள்ள நாட்டில் எந்த அரசும் பஞ்சச் சாவுகளை அனுமதித்துவிட்டுப் பதவியில் நீடிக்க முடியாது என்பது அவர் கண்ட விளக்கம். திமோதி பெஸ்லி, ராபின் பர்கெஸ் ஆகிய இரு பொருளியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு வலுச் சேர்த்தது. நாளிதழ்கள், குறிப்பாக மாநில மொழி நாளிதழ்கள், அதிகம் விற்கும் இந்திய மாநிலங்களில் உணவு உற்பத்தி குறைந்தபோதும் வெள்ளம் தாக்கியபோதும் அரசுகள் கூடுதலாக உதவின என்று அவர்கள் காட்டினர்.

ஆனால் சென் அத்துடன் நிற்கவில்லை. ஜான் டிரேஸுடன் இணைந்து 1989-இல் எழுதிய நூலில் அவர் சீனாவையும் இந்தியாவையும் ஒப்பிட்டார். 1958-61 காலத்துச் சீனப் பஞ்சம் கோடிக்கணக்கானோரைக் கொன்றது; இந்தியா அத்தகைய கொடுமையைக் காணவில்லை. ஆயினும் இந்தியாவின் அன்றாடச் சாவு விகிதம் சீனாவைவிட உயர்ந்திருந்ததால், அந்தப் பஞ்சம் கொன்றவர்களுக்கு நிகரான எண்ணிக்கையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தியா ஓசையின்றி மக்களை இழந்துகொண்டிருந்தது என்று அவர்கள் கணக்கிட்டனர். பஞ்சத்தைத் தடுத்த அதே நாளிதழ்களும் அதே தேர்தல்களும் நாள்பட்ட பசியின் முன் செயலற்றுப் போயின. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் ரத்தசோகை உள்ளவர்கள். இந்த எண்கள் வெளியான நாளில் நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்படவில்லை.

திடீர் இடர்களில் நாம் அடைந்துள்ள முன்னேற்றத்தைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. 1999 அக்டோபர் இறுதியில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013-இல் பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தபோது ஏறத்தாழ 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தனர். உயிரிழந்தோர் 50-க்கும் குறைவு. 2019 மே மாதம் பானி புயலின்போது 12 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். ஒடிசாவில் 64 பேர் உயிரிழந்தனர். 2004 சுனாமிக்கு முன் நம்மிடம் எச்சரிக்கை அமைப்பு ஏதும் இல்லை. 2007-இல் ஹைதராபாத்தில் அது நிறுவப்பட்டது. வானிலை அறிவியல், புயல் பாதுகாப்பு மையங்கள், ஊர்தோறும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், உறுதியான நிர்வாகம் ஆகியவை சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு வளரும் நாடுகளுக்கெல்லாம் ஒடிசா பாடநூலாகிவிட்டது.

இந்த வெற்றிக்குப் பிறகுதான் கடினமான கேள்வி எழுகிறது. நாட்டின் கருவூலம் அளவானது. அடுத்த ரூபாயைப் புயல் பாதுகாப்பு மையத்துக்குச் செலவிடுவதா, நிலத்தடி நீரை மீட்கச் செலவிடுவதா? இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியுமா?

உலகெங்கும் வழக்கத்தில் உள்ள தராசு எளிமையானது. ஓர் இடர் நேரும் வாய்ப்பு எவ்வளவு, நேர்ந்தால் இழப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டு, இரண்டையும் ஒரு கட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக வைப்பார்கள். பிரிட்டன் 2008 முதல் தேசிய இடர்ப் பதிவேட்டை இம்முறையில்தான் வெளியிட்டு வருகிறது. அதில் இயற்கைச் சீற்றங்களும் விபத்துகளும் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் நேரும் வாய்ப்பை வைத்து மதிப்பிடப்படுகின்றன. இந்த முறை நாள்பட்ட இடரிடம் தடுமாறுகிறது. காற்று மாசு நேரும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று கேட்பதில் பொருளில்லை; அது நேர்ந்துகொண்டேயிருக்கிறது. ஐந்து ஆண்டு என்ற சாளரமோ, 30 ஆண்டுகளில் முற்றும் ஓர் இடரின் ஆறில் ஒரு பங்கை மட்டுமே காட்டும். பிரிட்டன் அரசு 2023-இல் மருந்துகளுக்கு அடங்காத நுண்ணுயிர்கள் போன்ற நாள்பட்ட இடர்களை அந்தப் பதிவேட்டிலிருந்து பிரித்தெடுத்தது. 2025 ஜூலையில் 26 நாள்பட்ட இடர்களை ஆராயும் தனி அறிக்கையை வெளியிட்டது. பிரிட்டனை முன்மாதிரியாகக் காட்டுவது என் நோக்கமன்று. பதிவேட்டில் பெருந்தொற்றுக்கு உயர்ந்த இடம் தந்துவிட்டு, வேறு வகைத் தொற்றுக்குத் தயாராகி, கோவிட்டிடம் தோற்ற நாடு அது என்பதை அவர்களுடைய விசாரணை ஆணையமே 2024-இல் எழுதியிருக்கிறது. எனினும் ஒரே பட்டியலில் இரண்டையும் அடைக்க முடியாது என்று அவர்கள் ஒப்புக்கொண்டது கவனிக்கத்தக்கது.

சாவுகளின் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். 2004 சுனாமியில் இந்தியாவில் இறந்தோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 16,000 பேரை இழந்தோம். 2019 என்ற ஒரே ஆண்டில் காற்று மாசினால் இந்தியாவில் நேர்ந்த சாவுகள் 16.7 லட்சம் என்று 'லான்செட்' இதழ்க் குழுமத்தில் 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. எளிய வகுத்தல் கணக்கில் ஓர் ஆண்டுக்கு நூறு சுனாமிகள்! மேடைப் பேச்சுக்கு உதவும் இந்த ஒப்பீட்டைப் பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் நான் தயக்கத்துடனேயே ஏற்கிறேன். சுனாமிச் சாவுகள் எண்ணப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. மாசுச் சாவுகள் புள்ளியியல் மாதிரியில் கணிக்கப்பட்டவை. இவர் மாசினால் இறந்தார் என்று எந்த ஒருவரையும் சுட்டிக்காட்ட முடியாது. மாதிரியின் அனுமானங்களை மாற்றினால் எண்ணும் மாறும். பாதியாகக் குறைத்தாலும் அது பேரெண்ணே என்பது உண்மை. ஆயினும் எண்ணிக்கையை மட்டும் நம்பி வாதிட்டால், எதிர்த்தரப்பு எண்ணைச் சந்தேகித்தே காலம் கடத்திவிடும். அதைவிட உறுதியான வாதம் வேறொன்று இருக்கிறது.

வகுப்பில் இதை நான் இருப்பு, ஓட்டம் என்ற இரு சொற்களால் விளக்குவது வழக்கம். தொட்டியில் உள்ள நீர் இருப்பு. குழாயில் வருவதும் போவதும் ஓட்டம். திடீர் இடர் ஓட்டத்தைத் தாக்குகிறது: ஓர் ஆண்டு விளைச்சல் போகிறது, ஒரு மாத வருமானம் போகிறது. நாள்பட்ட இடர் இருப்பை அரிக்கிறது: மண்ணின் வளம், நிலத்தடி நீர், உடலின் வலு, குடும்பத்தின் சேமிப்பு, நகரத்தின் நீர்நிலைகள். ஒரு நாடு திடீர் இடரிலிருந்து மீள்வது இருப்பைக் கொண்டுதான். கரையான் அரித்த உத்தரம் உள்ள வீடு சாதாரணக் காற்றில் விழுந்துவிடும்; பேரிடர் அறிக்கையில் காற்றின் வேகம்தான் எழுதப்படும்.

முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஆசிரியப் பணியில், முதுகலை முதலாண்டு மாணவர்களிடம் ஆண்டுதோறும் ஒரு தாளில் உங்களுக்குத் தெரிந்த ஐந்து பேரிடர்களை எழுதுங்கள் என்று கேட்பேன். சுனாமி, புயல், நிலநடுக்கம், வெள்ளம், விபத்து என்றே தாள்கள் வரும். ஓர் ஆண்டு அவிநாசிக்கு வடக்கே ஒரு சிற்றூரிலிருந்து வந்த மாணவர் ஒருவரும் அவ்வாறே எழுதித் தந்தார். இரண்டாம் பருவத்தில் அவர் வகுப்புக்கு வருவது நின்றது. விசாரித்தபோது, தந்தை போட்ட நான்காவது ஆழ்துளைக் கிணறும் ஆயிரம் அடி தாண்டியும் புகையாகப் போய்விட்டதாகவும், வட்டிக் கடனைக் கட்டத் திருப்பூரில் பனியன் தொழிற்சாலை ஒன்றில் மகன் சேர்ந்துவிட்டதாகவும் சொன்னார்கள். அந்த ஆண்டு அந்த வட்டாரத்தில் வறட்சி என்று அரசு அறிவிக்கவில்லை. மழையும் அவ்வளவு மோசமில்லை. அந்தக் குடும்பத்தின் பேரிடருக்கு அவர் எழுதித் தந்த ஐந்து பெயர்களில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

இந்தியா ஆண்டுதோறும் ஏறத்தாழ 24,000 கோடி கனமீட்டர் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது; அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து எடுப்பதைவிட இது அதிகம். நாடு முழுவதுக்குமான சராசரியைப் பார்த்தால் ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீரில் 60 விழுக்காடுதான் எடுக்கிறோம் என்று ஆறுதல் கொள்ளலாம். சராசரி ஏமாற்றும். பஞ்சாபில் இந்த அளவு 150 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறுவட்டங்கள் மிகைநுகர்வு என்ற வகையில் அடங்குகின்றன. நிலத்தடி நீர் என்பது உழவரின் காப்பீடு. மழை பொய்த்த ஆண்டில் எடுத்துக்கொள்ள வேண்டிய வைப்புத்தொகை. அதை நல்ல ஆண்டுகளிலேயே செலவிட்டுவிட்டால், 1970-களில் தாங்கிக்கொண்ட அதே அளவு மழைக்குறைவை 2020-களில் தாங்க முடியாது. புயலுக்கும் வறட்சிக்கும் காப்பீட்டு நிறுவனம் பாலிசி தரும். ஏனெனில் அவை எல்லா ஆண்டும் எல்லா இடத்திலும் வருவதில்லை. ஆண்டுதோறும் உறுதியாக நேரும் இழப்புக்கு எந்த நிறுவனமும் பாலிசி தராது. ஆகவே நாள்பட்ட இடரில் மக்கள் தம் கையிருப்பையே காப்பீடாகக் கொள்கிறார்கள். அதுவும் தீர்ந்தால் கடன்.

நம் தேசியக் கணக்கு முறையும் இதில் உடந்தை. பஞ்சாபின் நிலத்தடி நீரைக் கொண்டு விளைந்த நெல், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வரவாக ஏறுகிறது. வற்றிய நீர் எங்கும் செலவாக எழுதப்படுவதில்லை. புயலில் இடிந்த பாலத்தை மீண்டும் கட்டினால் அதுவும் உற்பத்தி. ஒரு மளிகைக் கடைக்காரர் கடையிலிருந்த சரக்கையெல்லாம் விற்றுவிட்டு வந்த பணம் முழுவதும் லாபம் என்று சொன்னால் நாம் சிரிப்போம்.

உத்தராகண்டின் ஜோஷிமட் நகரம் இதை வேறு விதத்தில் உணர்த்தியது. பழைய நிலச்சரிவு ஒன்றின் மண் மேட்டில் அமைந்த ஊர் அது, கனமான கட்டுமானங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று மிஸ்ரா குழு 1976-இலேயே எச்சரித்தது. 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விழுந்து, குடும்பங்கள் வெளியேற்றப்பட்டபோதுதான் அது செய்தியாயிற்று. இடையில் கழிந்த 47 ஆண்டுகளை எந்த இடர்ப் பட்டியலில் சேர்ப்பது?

ஏன் இவ்வாறு நிகழ்கிறது? அரசியல்வாதிகளின் அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பழியில் வாக்காளர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இருவர் அமெரிக்கத் தேர்தல் முடிவுகளை ஆராய்ந்து 2009-இல் எழுதிய கட்டுரையில், பேரிடருக்குப் பின் நிவாரணம் தந்த ஆளுங்கட்சிக்கு வாக்காளர்கள் பரிசளித்தனர், பேரிடருக்கு முன் தயார்நிலைக்குச் செலவிட்ட கட்சியைக் கண்டுகொள்ளவே இல்லை என்று காட்டினர். தயார்நிலைக்குச் செலவிடும் ஒரு டாலர் எதிர்காலத்தில் ஏறத்தாழ 15 டாலர் இழப்பைத் தவிர்க்கிறது என்பதும் அவர்கள் மதிப்பீடு. இந்தியச் சட்டமன்றத் தேர்தல்களைக் கொண்டு ஹீலியும் வேறு இருவரும் செய்த மற்றோர் ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது: மழை கெட்ட ஆண்டில் ஆளுங்கட்சி வாக்குகளை இழக்கிறது, முனைந்து நிவாரணம் தந்தால் அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டிக்கொள்கிறது. வெள்ளத்தில் இறங்கி நடக்கும் தலைவரின் படம் நாளிதழில் வரும். பத்து ஆண்டுகளுக்கு முன்பே தூர்வாரியதால் வராமற்போன வெள்ளத்தை யார் படமெடுப்பது?

சட்டமும் நிதியும் இந்த மனப்பான்மையை அப்படியே வார்த்தெடுத்துள்ளன. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பேரிடரை ஒரு பகுதியில் நேரும் பெருங்கேடு, விபத்து, கடுமையான நிகழ்வு என்று வரையறுத்து, பாதிக்கப்பட்ட சமுதாயத்தின் சமாளிக்கும் திறனுக்கு அது அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. நிகழ்வாகாதது பேரிடராகாது. சமாளிக்கும் திறனே படிப்படியாகத் தேய்ந்துவருவதைப் பற்றி வரையறை பேசவில்லை.

15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு மாநிலங்களின் பேரிடர் நிதிக்கு ரூ.1,60,153 கோடி பரிந்துரைத்தது. அதில் 80 விழுக்காடு மீட்பு, நிவாரணம், மறுகட்டமைப்பு, தயார்நிலை ஆகியவற்றுக்கு. 20 விழுக்காடு தணிப்புப் பணிகளுக்கு. தணிப்புக்கெனத் தனி நிதி ஒதுக்கியதே முன்னேற்றம்தான் என்பதை மறுக்க முடியாது. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களின் வெள்ளத் தடுப்புக்குத் தலா ரூ.500 கோடி, கடலரிப்பு, ஆற்றரிப்பு ஆகியவற்றைத் தடுக்க ரூ.1,500 கோடி என்று அக்குழு குறித்தது, நாள்பட்ட இடரின் வாசற்படி வரை வந்துவிட்டதைக் காட்டுகிறது. ஆனால் மத்திய அரசின் நிவாரணப் பட்டியலில் புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனி மற்றும் குளிர் அலை என 12 இனங்களே இருந்தன. குளிர் அலை இருந்த அந்தப் பட்டியலில் வெப்ப அலை இருக்கவில்லை. பட்டியலை விரிக்கத் தேவையில்லை என்றே அந்த நிதிக்குழு கருதியது. மாநிலங்கள் தாமாக அறிவிக்கும் இடர்களுக்கு நிவாரண நிதியில் 10 விழுக்காடு வரை செலவிட்டுக்கொள்ளலாம் என்ற விதியின் துணையோடுதான் தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் என்றும் முடிவாயிற்று.

இந்த அறிவிப்பு வரவேற்கத்தக்கது. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அந்த அனுபவத்தில் பிறந்த 2013-ஆம் ஆண்டு வெப்பச் செயல்திட்டம் மற்ற நகரங்களுக்கு வழிகாட்டியது. வெப்ப அலையைத் திடீர் இடராக எதிர்கொள்ளும் முறை நமக்குத் தெரியும். உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் பத்துக் கோடைகள் உழைத்தவரின் சிறுநீரகம் மெல்லக் கெடுவதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதுதான் தெரியவில்லை. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடையே நடந்த ஆய்வுகள் வெப்பத்துக்கும் சிறுநீரகச் செயல்திறன் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியுள்ளன. அவர் ஒரு மழை நாளில் மருத்துவமனையில் இறந்தால், சான்றிதழில் வெப்பம் என்ற சொல் இருக்காது.

அப்படியானால் நாள்பட்ட இடர்கள் அனைத்தையும் பேரிடர் என்று அறிவித்துவிடலாமா? நல்லெண்ணம் கொண்ட பலர் இதைக் கோருகிறார்கள். நான் உடன்படவில்லை. பேரிடர்ச் சட்டம் நிர்வாகத்துக்கு மிகப் பெரிய அதிகாரங்களைத் தருகிறது. 2020 மார்ச் 24 அன்று நாடு முழுவதையும் முடக்கிய ஆணை அந்தச் சட்டத்தின்கீழ்தான் பிறந்தது. அதன்கீழ் வந்த ஆணைகள் 2022 மார்ச் இறுதி வரை ஏதேனும் ஒரு வடிவில் நீடித்தன. சில வாரங்களுக்கான அதிகாரத்தை 30 ஆண்டுகளுக்கான சிக்கலுக்குத் தந்தால், அவசர நிலையே அன்றாட நிலையாகிவிடும். தவிரவும், பேரிடர் என்று அறிவித்தால் நம் நிர்வாகத்துக்கு உடனே நினைவுக்கு வருவது இழப்பீட்டுத் தொகைதான். கிணறு வற்றியவருக்கு ஒருமுறை பணம் தருவதால் நீர்மட்டம் உயராது.

பழைய வரலாறு ஒன்று வழி காட்டுகிறது. 1876-78 தாது வருடப் பஞ்சம் இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அந்தக் காலத்து நிவாரணக் கூலி மிகக் கொடுமையாகக் குறைக்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. எனினும் அந்தப் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாயின் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பகுதி வெட்டப்பட்டது. பின்னர் 1972-73 மகாராஷ்டிர வறட்சியில் தொடங்கிய நிவாரண வேலைகள் 1977-இல் அம்மாநிலத்தின் வேலை உறுதிச் சட்டமாகி, 2005-இல் நாடு முழுவதற்குமான சட்டமாக விரிந்தன. திடீர் இடரின் அழுத்தத்தில் திரண்ட பணமும் அரசியல் உறுதியும் நீடித்த இருப்பாக மாற்றப்பட்ட தருணங்கள் இவை. 2004 சுனாமியின்போது கடலிலிருந்து ஏறிவந்த நீரில் ஒரு பகுதியைப் பக்கிங்ஹாம் கால்வாய் வாங்கிக்கொண்டது. அதே கால்வாயின் நடுவில் பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் நட்டு அதை நெருக்கியதும் நாம்தான்.

செய்யத்தக்கது என்று நான் கருதுவது ஆரவாரமற்றது. ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையுடன் மத்திய அரசும் மாநில அரசுகளும் ஓர் இருப்புக் கணக்கை அவையில் வைக்க வேண்டும். நிலத்தடி நீர்மட்டம், ஏரி குளங்களின் கொள்ளளவு, கடற்கரையின் நீளத்தில் அரிக்கப்பட்ட பகுதி, குழந்தைகளின் வளர்ச்சி, ரத்தசோகை, காற்றின் தரம் என்று பத்துப் பன்னிரண்டு இனங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரே சென்ற ஆண்டின் நிலை, இந்த ஆண்டின் நிலை, பொறுப்பான துறை. திடீர் இடர்களுக்கு வாய்ப்பும் இழப்பும் கொண்ட பழைய கட்டம் இருக்கட்டும். நாள்பட்ட இடர்களுக்குத் தேய்மான வேகமும், எந்த அளவுக்குக் கீழே போனால் மீட்க முடியாது என்ற எல்லையும் அளவுகோலாக இருக்கட்டும். இரண்டையும் இணைக்கும் மூன்றாவது நிரல் ஒன்றும் வேண்டும்: இந்தத் தேய்மானம் எந்தத் திடீர் இடரைக் கடுமையாக்குகிறது? நிதியைப் பங்கிடுவோர் பார்க்க வேண்டியது அந்த நிரலைத்தான். ஒரே ரூபாயில் இரண்டு இடரையும் தணிக்கும் பணிகள், சென்னை ஏரிகளைப் போன்றவை, அங்கேதான் வெளிப்படும். அவற்றுக்கே முதல் உரிமை.

இது நடைமுறைக்கு ஒவ்வாது என்போருக்கு ஒரு முன்னுதாரணம். 2005-06 முதல் மத்திய நிதிநிலை அறிக்கையுடன் பாலின நிதிநிலை அறிக்கை வெளியாகிறது. அது அற்புதம் எதையும் நிகழ்த்திவிடவில்லை. பல துறைகள் கடமைக்கு நிரப்பித் தருவதும் உண்டு. ஆனால் பெண்களுக்காக எவ்வளவு செலவிட்டீர்கள் என்ற கேள்விக்கு ஒவ்வொரு துறையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஓர் எண்ணை எழுதித் தர வேண்டியதாயிற்று. எண் வந்தால் அதைக் கேள்வி கேட்க ஆளும் வருவார்கள்.

தரவுகளுக்கும் பஞ்சமில்லை. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2018 முதல் சுற்றுச்சூழல் கணக்குகளை வெளியிட்டு வருகிறது. நிலத்தடி நீர் மதிப்பீடு 2022 முதல் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் குறுவட்டம் வரை கணக்கு கிடைக்கிறது. அவிநாசிக்கு வடக்கே உள்ள அந்தச் சிற்றூர் எந்த வகையில் அடங்குகிறது என்பதைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். அதைச் சட்டமன்றத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் விவாதிக்க, விதிகளில் திருத்தம்கூடத் தேவைப்படாது.